பிரேக்கர் ஹோஸ் ஏன் ஒரே இடத்தில் வெடிக்கிறது? – மெக்கானிக் பதில்கள்

(சங்ககிரியில் 22 ஆண்டுகளாக ஹைட்ராலிக் ஹோஸ் பட்டறை நடத்துபவர், வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் அளிக்கிறார்.)

கேள்வி: அண்ணா, கல்குவாரியில் 20 டன் பொக்லைனில் கல் உடைக்கும் பிரேக்கர் மாட்டி ஓட்டுகிறேன். ஆர்ம் நுனியில் இருந்து பிரேக்கருக்கு ஆயில் கொண்டுபோகும் ஒரு இஞ்ச் ஹோஸ் ரெண்டு மாசத்தில் மூன்று தடவை வெடித்துவிட்டது. மூன்றும் பிரேக்கர் பக்க நட்டுக்கு ரெண்டு விரல் தள்ளித்தான். பிரஷர் அதிகம், குறைத்து வை என்கிறார்கள். குறைக்கலாமா? போட்டோ வைத்திருக்கிறேன்.
– க.பரமத்தி வாசகர்

பதில்: தம்பி, பிரஷரில் கை வைக்காதீர்கள். அதைக் குறைத்தால் அடி வலுவிழக்கும், அதே கல்லை உடைக்கக் கூடுதல் டீசல் எரியும், ஹோஸும் திரும்ப வெடிக்கும். பிரஷர் மட்டும்தான் காரணம் என்றால் மூன்று ஹோஸும் ஒரே இடத்தில் போக வேண்டியதில்லை. உங்கள் போட்டோவில் பிரேக்கர் வாயிலிருந்து வெளியே வந்த உடனே ஹோஸ் மேலே திரும்புகிறது. ஹோஸ் ரப்பருக்குள் கம்பி சுற்றியிருக்கும். கிரிம்ப் செய்த, அதாவது ஃபிட்டிங்கை வைத்து நசுக்கிப் பிடித்த பகுதிக்குள் இருக்கும் கம்பி அசையாது. அதை ஒட்டி வெளியே இருக்கும் கம்பிதான் ஒவ்வொரு அசைவுக்கும் வளைந்து வளைந்து நிமிர்கிறது. கட்டுக்கம்பியை இப்படியும் அப்படியும் ஆட்டி ஒடிப்போமே, அதுதான் உள்ளே நடக்கிறது.

ஹோஸை எப்படி அளந்திருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். பிரேக்கரைத் தரையில் ஊன்றி நிறுத்தி, டேப்பைப் பிடித்து நுனிக்கு நுனி அளந்திருப்பார்கள். நிற்கிற வண்டிக்கு அது சரியான அளவுதான். ஆனால் பிரேக்கரை ஆட்டும் பக்கெட் சிலிண்டர் நீண்டு சுருங்கும்போது அந்த இரண்டு முனைகளுக்கும் நடுவே உள்ள தூரம் மாறிக்கொண்டே இருக்கும்.

அதனால் முதலில் பாதையைப் பாருங்கள், நீளத்தை அப்புறம் முடிவு செய்யலாம். ஆர்ம் நுனியில் இருக்கும் வால்வுகளை மூடி, பிரேக்கர் வாய்களுக்கு மூடி போட்டுவிட்டு, அதே தடிமனில் ஒரு பழைய ஹோஸ் துண்டை இரண்டு முனையிலும் கயிற்றால் கட்டுங்கள். நூல் வைத்து அளக்காதீர்கள். நூல் எப்படியும் வளையும், ஹோஸ் அப்படி வளையாது. ஆபரேட்டர் பிரேக்கர் பெடலைத் தொடாமல், சிலிண்டரை முழுக்க நீட்டி முழுக்கச் சுருக்கி, மெதுவாக மூன்று நான்கு தடவை ஆட்டட்டும். நீங்கள் தள்ளி நின்று கவனியுங்கள். அதிக தூரம் போகும் நிலையிலும் ஹோஸ் விறைக்கக் கூடாது, கொஞ்சம் தொய்வு மிச்சம் இருக்க வேண்டும். பிரஷர் ஏறும்போது ஹோஸ் 4 சதவீதம் வரை சுருங்கலாம். ஒன்றரை மீட்டர் ஹோஸுக்கு அது 6 சென்டிமீட்டர். எதிர்ப்பக்கம் முழுக்க மடங்கும்போது, தொங்கும் வளையம் கல்லில் இடிக்கக் கூடாது, ஆர்மில் உரசவும் கூடாது.

ஒரு இஞ்ச் டூ வயர் ஹோஸ் (உள்ளே இரண்டு அடுக்கு கம்பிப் பின்னல்) 165 பார் பிரஷர் வரைக்கும்தான். உங்கள் வண்டிக்குப் போடும் பிரேக்கர் சாதாரணமாகவே அந்த அளவில்தான் வேலை செய்யும், ஒவ்வொரு அடிக்கும் பிரஷர் அதற்கு மேலே துள்ளும். நான்கு அடுக்கு கம்பி சுற்றிய ஃபோர் ஸ்பைரல் போடுங்கள், அது 280 பார் தாங்கும். ஆனால் அதை வளைக்க 34 சென்டிமீட்டர் ஆரமாவது வேண்டும். வளையம் குறுக்கே ஒன்றரை முழம் வரும். அதைவிட இறுக்கி வளைத்தால் விலை உயர்ந்த ஹோஸும் சீக்கிரம் போய்விடும். இடம் பற்றாது என்றால் பிரேக்கர் பக்கம் 45 அல்லது 90 டிகிரி எல்போ ஃபிட்டிங் கேளுங்கள். திரும்புகிற வேலையை இரும்பு பார்த்துக்கொள்ளும். ஃபிட்டிங்கை விட்டு வெளியே வந்த ஹோஸ் 8 சென்டிமீட்டராவது நேராகப் போன பிறகுதான் வளையத் தொடங்க வேண்டும்.

முறுக்கு விழுவதை நிறைய பேர் கவனிப்பதில்லை. ஹோஸின் நீளத்துக்கும் ஓடும் எழுத்து வரியைப் பாருங்கள். அது கொடி போலச் சுற்றிக்கொண்டு போனால் முறுக்கியிருக்கிறது என்று அர்த்தம். ஒரு ஸ்பேனரால் ஹோஸ் பக்க ஃபிட்டிங்கைப் பிடித்துக்கொண்டு இன்னொன்றால் நட்டை முடுக்குங்கள். ஒரே ஸ்பேனரால் முடுக்கினால் நட்டோடு ஹோஸும் சேர்ந்து சுற்றும்.

அடுத்தது சைக்கிள் டியூப். போட்டோவில் ஹோஸ் முழுக்கச் சுற்றியிருக்கிறீர்கள். தயவுசெய்து அவிழ்த்துவிடுங்கள். கல் தூசி அதற்குள் போய் உட்கார்ந்து உப்புத்தாள் மாதிரி ரப்பரைத் தேய்க்கும், கசிவு தொடங்கினாலும் கண்ணுக்குத் தெரியாது. உரசுகிற இடத்துக்கு நைலான் உறை போதும். கிளாம்புக்காக ஆர்மில் வெல்டிங் வைக்க நேர்ந்தால் ஓரங்களில் வைக்காதீர்கள், அங்கிருந்துதான் விரிசல் ஓடும். பேட்டரியைக் கழற்றிவிட்டு, எர்த்தை வெல்டிங்குக்குப் பக்கத்திலேயே கொடுங்கள். கரண்ட் மூட்டுகளில் உள்ள பின், புஷ் வழியாகப் போகக் கூடாது.

கேள்வி: தென்னங்கன்று நடக் குழி போட மினி பொக்லைனில் ஆகர் (குழி துளைக்கும் கருவி) மாட்டினோம். மோட்டாரில் மூன்று ஹோஸ் வாய்கள் இருந்தன. வண்டியில் இரண்டு லைன்தான் இருப்பதால் சின்ன வாயை பிளக் போட்டு அடைத்தோம். இரண்டே நாளில் ஷாஃப்ட் சீல் வழியாக ஆயில் கொட்டுகிறது. மோட்டார் மட்டமானதா?
– பொள்ளாச்சி வாசகர்

பதில்: அந்த பிளக்தான் காரணம், மோட்டாரைக் குறை சொல்லாதீர்கள். மோட்டாருக்குள் கொஞ்சம் ஆயில் எப்போதும் கசிந்து அதன் கூட்டுக்குள் சேரும். அதை வெளியே விடுவதற்குத்தான் அந்தச் சின்ன வாய். அடைத்தால் உள்ளே பிரஷர் ஏறி சீலைத் தள்ளிவிடும். சீலை மாற்றிவிட்டு, அந்த வாயிலிருந்து தனி ஹோஸ் ஒன்றை நேராக டேங்குக்குக் கொண்டுபோங்கள். ரிட்டர்ன் லைனில் சேர்க்க வேண்டாம், நடுவே வால்வும் வேண்டாம்.

கேள்வி: என் கணவர் பொக்லைன் ஆபரேட்டர். ஹோஸில் கசிவு எங்கே என்று விரலால் தடவித்தான் கண்டுபிடிப்பார். ஆபத்தா?
– பெரம்பலூர் வாசகி

பதில்: அம்மா, ரொம்ப ஆபத்து. இதை அவரிடம் இன்றைக்கே படித்துக் காட்டுங்கள். ஊசி முனை அளவு ஓட்டையிலிருந்து பீறிடும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். முதலில் ஒரு புள்ளிதான் தெரியும், வலியும் பெரிதாக இருக்காது. சில மணி நேரத்தில் விரல் வீங்கி, உள்ளே சதை அழுகத் தொடங்கும். நான் வேலை பழகிய காலத்தில் கூட இருந்த ஒருவருக்கு இப்படி ஆனது. முதலில் போன இடத்தில் டிடி ஊசி போட்டு பிளாஸ்டர் ஒட்டி அனுப்பினார்கள். ஆள்காட்டி விரலில் இரண்டு கணுவை எடுக்க வேண்டியதாகிவிட்டது. வலிக்கவில்லை என்று அவர் அன்றைக்கு மாலை வரை எங்களோடு வேலை பார்த்தார். அவரை அப்போதே பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகாதது இன்னும் என் மனதை அறுக்கிறது.

அப்படி ஏதாவது ஆனால் அறுவை சிகிச்சை செய்யக்கூடிய ஆஸ்பத்திரிக்கு உடனே போய், "ஹைட்ராலிக் ஆயில் பிரஷரோடு உள்ளே ஏறிவிட்டது" என்று அதே வார்த்தைகளில் சொல்லுங்கள். கசிவு தேடுவதற்கு ஒரு அட்டைத் துண்டு போதும். நீளமாகப் பிடித்து, தள்ளி நின்று ஹோஸ் ஓரமாக நகர்த்தினால் ஆயில் அட்டையில் கோடு போடும். நட்டைக் கழற்றுவதற்கு முன் எஞ்சினை அணைத்து, சாவியை மட்டும் ஆன் செய்து, லிவர்களையும் பிரேக்கர் பெடலையும் நான்கைந்து தடவை முழுக்க அசைத்து, டேங்க் மூடி வழியாகக் காற்றை வெளியேற்றச் சொல்லுங்கள். அட்டையை கேபினில் சீட்டுக்குப் பின்னால் நீங்களே வைத்து அனுப்புங்கள்.