ஆங்கிலத்தில் 'மதர்' (mother) என்ற சொல்லுக்கு எப்போது பெரிய எழுத்து?

மகளின் ஆங்கிலக் கட்டுரையில் 'மதர்' ஓரிடத்தில் பெரிய எழுத்திலும் (M) இன்னோரிடத்தில் சிறிய எழுத்திலும் (m) திருத்தப்பட்டிருப்பது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டுமே சரிதான். நம் எழுத்தில் இந்த வேறுபாடே இல்லாததால் குழப்பம் வருவது இயல்பு.

அந்த இடத்தில் ஆளின் பெயரை வைத்துப் பாருங்கள். 'மதர் வெள்ளவத்தைச் சந்தைக்குப் போனார்' என்பதில் 'கமலா' என்று மாற்றினாலும் வசனம் நிற்கிறது. அப்போது அது சிறப்புப்பெயர், பெரிய எழுத்து. 'மை மதர்' என்றால்? 'மை கமலா' என்று யாரும் எழுதுவதில்லை. ஆகவே பொதுப்பெயர், சிறிய எழுத்து. கூப்பிடும்போதும் பெரிய எழுத்துத்தான்.

'அங்கிள் ரவி' என்று பெயரோடு சேர்ந்தாலும் அப்படியே. கொழும்பில் நாங்கள் 'ரவி அங்கிள்' என்று திருப்பிச் சொல்வோமே, அதிலும் இரண்டு சொல்லுக்கும் பெரிய எழுத்துப் போடச் சொல்லுங்கள்.