தொட்டிலை எடுத்துவிடுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஆழ்வார்பேட்டையில் ஒரு சின்ன அரங்கில் ஷேக்ஸ்பியரின் 'மேக்பெத்' நாடகத்தைத் தமிழில் போடுகிறோம், 90 நிமிடம். லேடி மேக்பெத் வெறும் ராட்சசியாகத் தெரியக்கூடாது என்று, தொடக்கத்தில் அவள் வெறுந்தொட்டிலை ஆட்டும் மௌனக் காட்சி ஒன்றைச் சேர்த்திருக்கிறோம். தூக்கத்தில் நடக்கும் காட்சியில் 'ஃபைஃப் தலைவனின் மனைவி' வரி யாருக்கும் புரியவில்லை, வெட்டிவிட்டோம். அவளைக் கைகேயியோடு ஒப்பிடலாமா? பட்டுப்புடவையா, பருத்தியா?

சு., மயிலாப்பூர்

அன்புள்ள சு.,

புடவை எதுவானாலும் சரி, நடக்கும்போது சரசரக்காமல் இருந்தால் போதும். கைகேயியை விடுங்கள். அவளுக்குத் 'தூய சிந்தை' என்று சொல்லி, அதைத் திரித்தது யார் யார் என்றும் கம்பன் கணக்குக் கொடுத்துவிட்டான். இவளுக்கு மந்தரை கிடையாது. தன் காதில் தானே ஓதிக்கொள்கிறவள்.

உங்கள் அக்கறை புரிகிறது. ஆனால் வேண்டாததைச் சேர்த்து, வேண்டியதை வெட்டியிருக்கிறீர்களே!

பால் கொடுத்திருக்கிறேன் என்று அவள் ஒரே ஒருமுறை சொல்கிறாள். அந்தப் பிள்ளை என்ன ஆனது என்பது நாடகத்தில் இல்லை. அங்கே தொட்டிலைக் கொண்டுபோய் வைத்தால், கொலைக்கு மருத்துவச் சான்றிதழ் வாங்கிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். அவளுக்கு அது தேவையில்லை. கொலையாகப்போகும் டங்கன் மன்னர், அந்தத் தூங்கும் கிழவரின் முகத்தில் அப்பாவின் சாயல் தெரிந்ததால்தான் தானே குத்தவில்லை என்கிறாள். சற்று நேரத்தில், புருஷன் பயந்து கொண்டுவந்துவிட்ட குத்துவாள்களைத் திரும்ப வைக்க அதே அறைக்குள் போகிறாள். அந்த முகத்தைப் பார்க்காமலா வந்திருப்பாள்? இரண்டும் ஒரே பெண்தான்.

இப்போது நீங்கள் வெட்டிய வரி. தோழன் பாங்கோவைக் கொல்லப்போவதை மேக்பெத் அவளிடம் மறைக்கிறான். ஃபைஃப் தலைவன் மெக்டஃபின் மனைவி, மக்களைக் கொல்லச் சொல்வதும் மேக்பெத் தனியாக எடுக்கும் முடிவு. நான்காம் அங்கம் முழுக்க அவள் மேடைக்கே வருவதில்லை. ஆனாலும் தூக்கத்தில், தான் செய்யாத அந்தக் கொலையைத்தான் கேட்கிறாள்: "மெக்டஃபுக்கு ஒரு பெண்டாட்டி இருந்தாளே, இப்ப எங்க அவ?" இதை வெட்டினால் மிஞ்சுவது மாட்டிக்கொண்ட குற்றவாளியின் பயம்தான்.

புரியாததற்குக் காரணம் வரி இல்லை. மெக்டஃபின் மனைவியும் மகனும் பேசிக்கொண்டிருக்கும்போதே கொலையாளிகள் நுழையும் காட்சியையும் வெட்டியிருப்பீர்கள். நான்கு நிமிடம் ஒதுக்கி அதைத் திரும்பச் சேருங்கள். 'ஃபைஃப் தலைவன்' என்று மொழிபெயர்க்காமல் மெக்டஃப் என்றே பெயர் சொல்லுங்கள். மூலத்தில் அந்த வரி எதுகையோடு குழந்தைப் பாட்டு மாதிரி ஒலிக்கும். காட்சியில் அவள் பேசுவது உரைநடை என்பதால் பேச்சுத்தமிழ் பொருந்தும். செந்தமிழில் போட்டுக் கெடுக்காதீர்கள்.

அடுத்து, தூக்கத்தில் இல்லாத ரத்தக்கறையைத் துடைக்கும் அவள் கைகள். சோப்புப் போட்டுத் தேய்ப்பதுபோல் நடிக்கவிடாதீர்கள். முதலில் ஒரு புள்ளிதான். கட்டைவிரலால் உள்ளங்கை ரேகையைச் சுரண்டினால் போதும். மெக்டஃப் மனைவியைக் கேட்ட பிறகுதான் இரண்டு கையும். மோந்து பார்ப்பது அதற்கும் பிறகு. இதற்கு, அவள் ஏந்திவரும் விளக்கைக் கீழே வைத்தாக வேண்டும். 1785-இல் லண்டனில் நடிகை சாரா சிடன்ஸ் அப்படி வைத்தபோது அது வழக்கத்துக்கே மாறு. அகலைத் தரையில் வைத்தால் வெளிச்சம் முகவாய்க்குக் கீழிருந்து அடித்துப் பேய்ப்படம் ஆகிவிடும். இடுப்புயர முக்காலியில், அவளுக்கு முன்பக்கவாட்டில் வையுங்கள். வெளிச்சம் கையில் விழும். மேடை மின்விசிறியை நிறுத்துங்கள்.

கடைசியில், இல்லாத புருஷனிடம் "கையைக் கொடு" என்கிறாள். கொலை நடந்த இரவில் அவன் நின்ற பக்கம் பார்த்து, அதே கையை நீட்டியபடி போகட்டும். விளக்கை அவள் எடுக்க வேண்டாம், தாதி எடுத்துவரட்டும். தாதியையும் வெட்டிவிடவில்லையே?