குழந்தையைப் பற்றித் தெருவில் நின்று விசாரிக்கலாமா?

கேள்வி: தந்தை இலங்கைச் சிறையில் இருப்பதால் பாட்டியிடம் வளரும் சிறுவன் ஒருவன் எங்கள் தெருவில் பள்ளிக்குச் செல்வதில்லை. யாரோ குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்குத் தகவல் சொல்ல, வந்த பணியாளர் தெருவில் நின்றபடியே அக்கம்பக்கத்தாரிடம் அவனைப் பற்றி விசாரித்தார். இவர்களுக்குப் பயிற்சி உண்டா? யாரிடம் முறையிடுவது?
வாசகி, தங்கச்சிமடம்

பதில்: வழக்கறிஞர்களுக்குப் பார் கவுன்சில் இருப்பதுபோல, சமூகப் பணியாளர் அனைவரையும் பதிவு செய்து, தவறினால் பதிவை நீக்கும் தேசிய மன்றம் எதுவும் நம் நாட்டில் இல்லை. (இங்கிலாந்தில் பதிவு பெறாதவர் ‘சமூகப் பணியாளர்’ என்ற பெயரையே போட்டுக்கொள்ள முடியாது.) 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், பாதுகாப்பு தேவைப்படும் குழந்தை யாரிடம் வளர வேண்டும் என முடிவு செய்யும் குழந்தைகள் நலக் குழுவின் உறுப்பினர்களுக்கு நியமன அறிவிக்கை வந்த இரண்டு மாதங்களுக்குள் பயிற்சி தரச் சொல்கிறது. வீடு தேடி வரும் களப்பணியாளருக்கும் அப்படியொரு கெடு வேண்டும் என்பது என் கருத்து; ஏனெனில் குழு தன் முடிவுக்குப் பெரிதும் நம்பியிருப்பது, குழந்தையின் வீட்டுச் சூழலை அறிய நடத்தப்படும், 15 நாள்களுக்குள் முடிக்கப்பட வேண்டிய சமூக விசாரணையின் அறிக்கையைத்தான்.

“வீட்டில் கவனிப்பு இல்லை” என்று ஒரே வரியில் எழுதுபவர் பயிற்சி பெற்றவர் அல்லர். எடுத்துக்காட்டாக, பாட்டி பாசி எடுக்கக் கடலில் இறங்கும் நாள்களில் தங்கையைப் பார்த்துக்கொள்ளவே அவன் வீட்டில் நிற்கிறான், மற்ற நாள்களில் பள்ளிக்குப் போகிறான் என்பதை வருகைப் பதிவேட்டோடு ஒத்துப்பார்த்து எழுதுபவரே பயிற்சி பெற்றவர். முதல் அறிக்கை சிறுவனைக் குழந்தைகள் காப்பு இல்லத்துக்கு அனுப்பக்கூடும். இரண்டாவது, தங்கைக்கு அங்கன்வாடியில் இடம் தேடச் சொல்லும். இல்லத்தில் சேர்ப்பது கடைசி வழியாகவே இருக்க வேண்டும் என்பது அச்சட்டத்தின் 3-ஆம் பிரிவிலுள்ள கோட்பாடுகளுள் ஒன்று. குழந்தையின் அந்தரங்கம் காக்கப்பட வேண்டும் என்பதும் அதே பிரிவில்தான் உள்ளது. ஆகவே அயலாரிடம் கேட்க நேர்ந்தாலும் தனியே அழைத்துத்தான் கேட்க வேண்டும். நீங்கள் கண்டது முறையன்று.

இத்தகைய பணிகளைக் கவனிக்கும் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு மாவட்ட ஆட்சியரின் மேற்பார்வையில் இயங்குவதால், ராமநாதபுரத்தில் திங்கள்கிழமை நடக்கும் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுக்கலாம். மனுவில் சிறுவனின் பெயரை எழுதாமல், தேதியையும் நடந்ததையும் மட்டும் எழுதி, பெயரை அதிகாரி கேட்டால் நேரில் சொல்லுங்கள்.

கேள்வி: எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப் பணி முதுகலை) முடித்து ஓராண்டான என் மகள் குழந்தைகள் நலக் குழுவில் உறுப்பினராகலாமா?
வாசகர், தொண்டி

பதில்: பட்டம் பொருந்தும், அனுபவம் போதாது. குழந்தைகள் நலப் பணியில் ஏழாண்டு ஈடுபாடு, அல்லது உரிய பட்டத்துடன் அத்துறையிலேயே தொழில் செய்துவருதல் தேவை. இப்போதைக்குக் களப்பணியில் சேரட்டும்.