பேச்சே நின்றுவிடுமா?

கேள்வி: வயது 46. எட்டு மாதங்களுக்கு முன் தைராய்டை முழுவதும் எடுத்தார்கள். அதிலிருந்து மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. இரண்டு குரல்நாண்களும் செயலிழந்துவிட்டன, வாய்வழியாக லேசர் அறுவை செய்யலாம் என்கிறார்கள். பேச்சே வராது என்று இணையத்தில் படித்ததால் தள்ளிப்போட்டு, வீட்டில் இருந்த இன்ஹேலரை அடித்துக்கொள்கிறேன். தொண்டையில் சளி நிற்பது போலவும் இருக்கிறது.

பதில்: பேச்சு வரும். ஆனால் இப்போதிருக்கும் குரல் அப்படியே இருக்காது. காற்று கலந்து, கொஞ்சம் தணிந்து ஒலிக்கும். உரக்கக் கூப்பிடுவது சிரமம்.

ஏன் என்று சொல்கிறேன். மூச்சை இழுக்கும்போது குரல்நாண்கள் விலக வேண்டும், பேசும்போது சேர வேண்டும். உங்களுக்கு இரண்டும் நடுவில் ஒட்டினாற்போல் நின்றுவிட்டன. அதனால்தான் பேச்சு நன்றாக இருக்கிறது, மூச்சுக்குத்தான் வழியில்லை. லேசரால் ஒரு குரல்நாணின் பின்பகுதியில் சிறிதாக வெட்டி வழி விடுவார்கள். குரலுக்கு அதிகம் அதிரும் முன்பகுதியை முடிந்தவரை தொடமாட்டார்கள். கழுத்துக்கு வெளியே தையல் கிடையாது. நிறைய வெட்டினால் மூச்சு தாராளம், குரல் நஷ்டம். தண்ணீர் குடித்தால் புரையும் ஏறலாம். அதனால் முதலில் குறைவாக வெட்டச் சொல்லிக் கேளுங்கள். போதாவிட்டால், அல்லது தழும்பு மூடிக்கொண்டால், இன்னொரு முறை செய்யலாம். வீக்கத்துக்காகக் கழுத்தில் தற்காலிகமாகத் துளையிட நேருமா என்பதையும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

குரல்நாண்களை அசைக்கும் நரம்பு தானாகத் தேறுமா என்று ஓராண்டு வரை பார்ப்பதுண்டு. மூச்சு இடம் கொடுத்தால்தான் அந்தக் காத்திருப்பு.

தொண்டைச் சளிக்காகப் பயப்பட வேண்டாம். இன்ஹேலரை மட்டும் தயவுசெய்து நிறுத்துங்கள். அந்த மருந்து நுரையீரலுக்குள் இருக்கும் சிறு குழாய்களுக்கானது. உங்கள் அடைப்பு கழுத்தில். அடித்ததும் தேவலை என்று தோன்றும், அதற்குள் நாள் ஓடிவிடும். தூக்க மாத்திரையும், தூக்கம் வரவழைக்கும் இருமல் மருந்தும் நீங்களாக எடுக்கவே கூடாது.

நீங்கள் கவனிக்க வேண்டியது இரண்டுதான். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சை உள்ளே இழுக்கையில் 'கர்ர்' என்று சத்தம் வருகிறதா? மார்பெலும்புக்கு மேலே இருக்கும் கழுத்துக் குழி ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே போகிறதா? சாதாரண ஜலதோஷம் போதும், சில மில்லிமீட்டர் இடைவெளி வீங்கி அடைத்துவிடும். இந்த இரண்டில் எது தெரிந்தாலும் விடியட்டும் என்று இருக்காதீர்கள், அவசரப் பிரிவுக்குப் போங்கள். வாசலிலேயே "எனக்கு இரண்டு குரல்நாண்களும் செயலிழந்துவிட்டன" என்று சொல்லுங்கள். பேச முடியாமல் போகலாம், அதனால் இதை ஒரு சீட்டில் எழுதி இன்றைக்கே பையில் வையுங்கள். இல்லையென்றால் அங்கேயும் ஆஸ்துமா என்று நினைத்து முதலில் நெபுலைசர்தான் வைப்பார்கள்.