கணினி கேள்வி பதில்: ஒன்றேகால் லட்சம் ஒன்றாகச் சுருங்கியது ஏன்?

கேள்வி: சி மொழியில் நான் எழுதிவரும் வரவு செலவு நிரல், ஒரு கோப்பிலுள்ள தொகைகளை வரி வரியாகப் படித்து, ஏடூஎஃப் செயற்கூறின் மூலம் எண்ணாக மாற்றுகிறது. ‘1,25,000.50’ என்பது 1 ஆகவும், ‘இல்லை’ என்று எழுதியுள்ள இடம் 0 ஆகவும் வருகின்றன. பிழைச் செய்தி எதுவும் இல்லை. எங்கே தவறு?

பதில்: ஏடூஎஃப் தனக்குப் புரிந்தவரை படித்துவிட்டு நின்றுவிட்டது, எங்கே நின்றது என்பதை உங்களுக்குச் சொல்லத்தான் அதற்கு வழியில்லை. தொடக்கத்திலுள்ள இடைவெளிகளைத் தாண்டிய பின், கூட்டல் அல்லது கழித்தல் குறி, இலக்கங்கள், தசமப் புள்ளி, அடுக்கைக் குறிக்கும் ‘ஈ’ எழுத்து என எண்ணுக்கு உரியவற்றை மட்டுமே அது ஏற்கும் என்பதால், 1-ஐ அடுத்து வந்த காற்புள்ளியிலேயே வாசிப்பு முடிந்துவிட்டது. ‘இல்லை’ என்பதில் முதல் எழுத்தே எண்ணுக்கு உரியதன்று, ஆகவே 0. உண்மையாகவே ‘0’ என்று எழுதியிருந்தாலும் இதே விடைதான் வந்திருக்கும். தசம எண்களை வைக்கும் டபுள் என்ற தரவு வகையில் அடங்காத பெரிய எண்ணைக் கொடுத்தால் என்ன நேரும் என்பதைச் சி மொழியின் தரநிலை ஏடூஎஃபுக்கு வரையறுக்கவே இல்லை. வெளியிலிருந்து வரும் தரவுக்கு அதைத் தொடாமல் இருப்பதே நல்லது.

மாற்று, 1989-ஆம் ஆண்டுத் தரநிலையிலேயே இடம்பெற்ற எஸ்டிஆர்டூடி என்ற செயற்கூறு. இதற்குச் சரத்துடன் (எழுத்துத் தொடருடன்), நினைவகத்தில் ஓர் இடத்தைக் காட்டும் மாறியான பாயின்டர் ஒன்றின் முகவரியையும் கொடுக்க வேண்டும். வாசிப்பு எந்த எழுத்தில் நின்றதோ அந்த இடத்தை அந்தப் பாயின்டர் காட்டும். அது சரத்தின் தொடக்கத்திலேயே நின்றால் எண் எதுவும் கிடைக்கவில்லை என்று பொருள். நடுவில் நின்றால், உங்கள் காற்புள்ளியைப் போல, எண்ணுக்குப் பின்னால் வேறு ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கிறது. வரியின் இறுதியிலுள்ள புதுவரிக் குறியைத் தாண்டிய பிறகே இந்தச் சோதனையைச் செய்யுங்கள்; இல்லையெனில் சரியான வரிகளும் பிழையாகத் தெரியும். அப்படித் தாண்டுவதற்கு, ஓர் எழுத்து இடைவெளியா என்று சோதிக்கும் இஸ்ஸ்பேஸைப் பயன்படுத்தினால், எழுத்தை எதிர்ம மதிப்பே இல்லாத அன்சைன்ட் கேர் வகையாக மாற்றிக் கொடுங்கள்: யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் தமிழ் எழுத்துகளின் பைட்டுகள் பல கணினிகளில் எதிர்ம எண்களாகவே நிரலுக்குத் தெரியும், அவற்றை அப்படியே அனுப்பக் கூடாது.

எண்ணின் அளவு மீறியதா என்பதை அறிய, எஸ்டிஆர்டூடியை அழைப்பதற்கு முன், பிழைக்குரிய எண்ணைத் தாங்கும் எர்நோ மாறியில் 0 இட்டுவைத்து, பின்னர் அதில் அளவு மீறலைக் குறிக்கும் ஈரேஞ்ச் வந்துள்ளதா என்று பார்க்க வேண்டும். முன்பு இடாமல் விட்டால், வேறு எப்போதோ நேர்ந்த பிழை இங்கே வந்து குழப்பும்.

காற்புள்ளிகளை மாற்றத்துக்கு முன்பே நீக்கிவிடலாம். ஆனால் அவை இலக்கங்களைப் பிரிப்பவை என்பது உறுதியாக இருக்க வேண்டும். ஜெர்மனியில் காற்புள்ளியே தசமக் குறி. எண் எழுதும் முறை போன்ற நாட்டு வழக்குகளை அமைக்கும் செட்லோக்கேல் செயற்கூறு மூலம் ஜெர்மன் அமைப்பை ஏற்ற நிரலில், ‘12.75’ என்ற சரத்தை எஸ்டிஆர்டூடி 12 என்றே படித்து, புள்ளியில் நின்றுவிடும்.

கேள்வி: ‘0.1’ என்ற சரத்தை எஸ்டிஆர்டூடி போன்ற எஸ்டிஆர்டூஎஃப் மூலம், டபுளைவிடத் துல்லியம் குறைந்த ஃப்ளோட் வகை மாறியில் வைத்து, அதை 0.1 உடன் ஒப்பிட்டால் சமமில்லை என்று வருகிறதே?

பதில்: நிரலில் வெறுமனே 0.1 என்று எழுதினால் அது டபுள். பத்தில் ஒன்றை இரும எண் முறையில் முடிவுள்ள இலக்கங்களால் எழுத முடியாது. 24 பிட் துல்லியமுள்ள ஃப்ளோட் அதை ஏறத்தாழ 0.1000000015 என்றும், 53 பிட் துல்லியமுள்ள டபுள் அதைவிட மிக நெருக்கமாகவும் வைத்துக்கொள்கின்றன; அதனால்தான் இரண்டும் சமமாவதில்லை. பணக் கணக்கானால் தொகையைப் பைசாவாக மாற்றி முழு எண்ணில் வைத்துக்கொள்ளுங்கள். முந்தைய கேள்வியைக் கேட்ட வாசகருக்கும் இது பொருந்தும்.