அப்டேட் வந்தது, ஆட்டம் நின்றது

கேள்வி: நானும் என் தம்பியும் மூன்றாண்டுகளாக ஆடிவரும் ஆன்லைன் விளையாட்டில், சென்ற வாரம் வந்த அப்டேட்டுக்குப் பிறகு, காசு கொடுத்து வாங்கிய பொருள்கள் காணாமற்போயின, ஆட்டமும் பாதியில் நின்றுவிடுகிறது. வெளியிடும் முன் சோதிக்கவே மாட்டார்களா?
– வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: சோதிக்கிறார்கள், ஆனால், அறிவித்த தேதி நெருங்கும்போது முதலில் குறுக்கப்படுவது சோதனைக்கான நாள்கள்தாம். 2007 டிசம்பரில் ஈவ் ஆன்லைன் விளையாட்டுக்கு வந்த அப்டேட், ‘பூட்.இனி’ (boot.ini) என்ற தன் பழைய கோப்பை நீக்குவதற்குப் பதிலாக, விண்டோஸ் தொடங்குவதற்குரிய அதே பெயர்கொண்ட கோப்பை அழித்துவிட்டதால், பலருடைய கணினிகள் இயங்கவே மறுத்தன. வெளியீட்டுக்கு முன் கவனமாகப் பார்த்திருந்தால் பிடிபட்டிருக்கக்கூடிய பிழை அது. உங்கள் கோபம் முற்றிலும் நியாயமானது என்றே நான் கருதுகிறேன்.

பணம் கொடுத்ததற்கான ரசீதையும் பிழை தெரியும் ஸ்கிரீன்ஷாட்களையும் இன்றே சேமித்து, நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் அனுப்புங்கள். பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நிறுவனம் எங்கிருந்தாலும், நீங்கள் வசிக்கும் வடசென்னையிலேயே மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குத் தொடரலாம். தானியங்கி அப்டேட்டையும் இப்போதைக்கு நிறுத்திவையுங்கள்.