பையனுக்கு யார புடிச்சிருக்கு, எதுக்கு புடிச்சிருக்கு?

அம்மா, நீங்க அனுப்புன வாய்ஸ் மெசேஜ் முழுசா கேட்டேன். குடியாத்தத்துல ப்ளஸ் ஒன் படிக்கற உங்க பையன், பைக்ல ஊர் சுத்தி வீடியோ போடற ஒருத்தர தலைமேல தூக்கி வச்சிக்கினு ஆடறான், அவங்கப்பா என்னடான்னா பெரியப்பா பையன் விஐடில படிச்சி பெங்களூர்ல சம்பாரிக்கறத சொல்லிச் சொல்லியே திட்டறாரு, வீட்ல தினமும் சண்டை. இவன் மனச எப்படி மாத்தறதுன்னு கேக்கறீங்க. மாத்தறது கெடக்கட்டும், மொதல்ல கோவப்படாம அவன்கிட்ட ஒண்ணு கேளுங்க: அந்தாள்கிட்ட உனக்கு எதுடா புடிச்சிருக்கு?

பைக்கா, ஊர் சுத்தறதா, கேமரா முன்னாடி கூச்சமில்லாம பேசறதா, எடிட்டிங்கா, இல்ல அத்தன பேர் பாக்கறாங்களே அதுவா. அஞ்சும் அஞ்சு வழி. வண்டி சத்தத்த கேட்டே இன்னா கோளாறுன்னு சொல்ற பையனா இருந்தா பாலிடெக்னிக்ல ஆட்டோமொபைல் டிப்ளமோ இருக்கு, மூணு வருஷம், ப்ளஸ் டூல மேத்ஸ் பிசிக்ஸ் கெமிஸ்ட்ரி படிச்சிருந்தா லேட்டரல் என்ட்ரில நேரா ரெண்டாவது வருஷமே சேரலாம், அத முடிச்சிட்டு பி.இ.யும் அதே மாதிரி ரெண்டாவது வருஷத்துல சேரலாம். எடிட்டிங்தான் புடிக்குதுன்னா காலேஜ்ல விஸ்காம், அதாவது விஷுவல் கம்யூனிகேஷன் இருக்கு. ஆனா கூட்டம் கைதட்டறது ஒண்ணுதான் புடிக்குதுன்னு சொன்னான்னா, அதுக்கு எந்த காலேஜ்லயும் கோர்ஸ் கெடையாது.

இன்னொண்ணு, அந்தாள் எந்தெந்த ஆப்புக்கு விளம்பரம் பண்றாருன்னு பையனையே பாத்து சொல்ல சொல்லுங்க. தன்ன நம்பி பாக்கற பசங்கள பெட்டிங் ஆப் பக்கம் தள்ளி விட்டு காசு பாக்கறவர்னா, ஹைவேஸ்ல வீலிங் பண்ணி காட்றவர்னா, அவர் எவ்ளோ நல்லா பேசினாலும் நான் மரியாதை குடுக்க மாட்டேன். இத நீங்க சொன்னா எடுபடாது, அவனே கண்டுபுடிச்சாதான் உறைக்கும்.

இப்ப உங்க வீட்டுக்காரர் விஷயம். அவர் காட்டற ரோல் மாடலயும் என்னால பாதிதான் ஒத்துக்க முடியுது. அந்தப் பையனோட சம்பளம் உங்க எல்லாருக்கும் தெரியும், அவன் எப்படி படிச்சான், அரியர் வச்சானா, வச்சிருந்தா எப்படி கிளியர் பண்ணான், இன்டர்வியூல எத்தன வாட்டி வெளிய அனுப்பினாங்க, இதெல்லாம் வீட்ல யாருக்காவது தெரியுமா? சம்பளத்த பாத்து பையனுக்கு வயித்தெரிச்சல்தான் வரும், கத்துக்கறதுக்கு அதுல ஒண்ணுமில்ல. ஒருத்தர் வாழ்க்கைல நாம எடுத்துக்கக்கூடியது நடுவுல இருக்கற அந்த கஷ்டகாலம்தான், ஆனா யாரும் அத சொல்றதே இல்ல.

நம்ம வட ஆற்காட்டு ஆளுங்களையே பாருங்களேன். தமிழ் எழுத்தாளர் மு.வ., அதாவது மு. வரதராசன், வாலாஜா பக்கம் வேலம் கிராமத்துக்காரரு. ஸ்கூல் முடிச்சிட்டு திருப்பத்தூர் தாலுகா ஆபீஸ்ல கிளார்க்கா சேந்தவரு, உடம்பு கெட்டுப்போய் அந்த வேலையும் போச்சு. இன்னிக்கு ஒரு பையனுக்கு இப்படி ஆச்சுன்னா 'கவர்மென்ட் வேலைய விட்டுட்டான்'னு சொந்தக்காரங்க துக்கம் விசாரிக்கவே வந்துடுவாங்க. அவர் தானாவே தமிழ் படிச்சி 1935ல வித்வான் பரீட்சைல மாகாணத்துலயே மொதலா வந்தாரு, 1971ல மதுரை பல்கலைக்கழகத்துக்கு துணைவேந்தர். பசங்களுக்கு அந்த கடைசி பதவிய மட்டும் சொல்றோம், வேலையும் போய் உடம்பும் சரியில்லாம புக்க எடுத்து வச்சி உக்காந்தாரே, அத சொல்றதில்ல. திருத்தணிலேந்து வந்து வேலூர் ஊரீஸ் காலேஜ்ல படிச்ச, பின்னாடி ஜனாதிபதியான ராதாகிருஷ்ணன் தத்துவம் எடுத்ததுக்கு காரணம் சொந்தக்காரப் பையனோட பழைய புக்கு ஓசில கெடச்சதுதான்னு சொல்லுவாங்க. அதனால சின்ன வயசுலயே லட்சியம் இருக்கணும்னு பையன போட்டு கசக்காதீங்க.

வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரிய ஆரம்பிச்ச ஐடா ஸ்கடர் கதைய இந்த ஊர்ல ஆண்டு விழாவுக்கு ஆண்டு விழா கேட்டு பசங்களுக்கு காது மரத்துப்போச்சு. அதே சிஎம்சில டாக்டர் மேரி வர்கீஸ்னு ஒருத்தங்க இருந்தாங்க, அவங்களத்தான் நான் பசங்களுக்கு சொல்லுவேன். 1954ல வண்டி விபத்து, முதுகுத்தண்டு அடிபட்டு இடுப்புக்கு கீழ அசைவே இல்ல. இளம் டாக்டர், அதோட கதை முடிஞ்சிதுன்னுதான் யாரா இருந்தாலும் நெனப்பாங்க. தொழுநோயால மடங்கிப்போன விரல நிமுத்தற கை ஆபரேஷன உக்காந்தே பண்ணலாம்னு பால் பிராண்ட் டாக்டர் வழி காட்டினாரு, சக்கர நாற்காலில உக்காந்தே அத பண்ணாங்க, அப்புறம் நியூயார்க் போய் மறுவாழ்வு சிகிச்சை படிச்சிட்டு திரும்பி வந்து அந்தத் துறையவே இங்க நடத்தினாங்க, பாகாயத்துல 1966ல அதுக்குன்னு மையமே வந்துச்சு. 1972ல பத்மஸ்ரீ. ஒரு கதவு சாத்தினப்புறம் கைல மிச்சம் இன்னா இருக்குன்னு எண்ணிப் பாத்தாங்க பாருங்க, நீட்ல போச்சு, கட்ஆஃப்ல போச்சுன்னு அழற பசங்களுக்கு தேவைப்படறது அதுதான்.

ஆனா பெரியவங்க கதை மட்டும் போதாது, அவங்கள போய் கேள்வி கேக்க முடியாதே. பஸ் ஏறி போய் பாக்கற தூரத்துல ஒரு ஆளு வேணும். அப்பாவையே ரோல் மாடலா எடுத்துக்கோன்னு மேடைல பேசற மாதிரி நான் சொல்லப் போறதில்ல, பதினாறு வயசுல எந்தப் பையனும் அத கேக்க மாட்டான். ஞாயித்துக்கிழமை ஒரு நல்ல மெக்கானிக் ஷெட்ல உக்காரட்டும், இல்லன்னா முகூர்த்த சீசன்ல கல்யாண வீடியோ எடிட் பண்றவங்க கூட ஒரு ராத்திரி முழிச்சிருந்து பாக்கட்டும். இந்த வேலைல எது சலிப்பு, மொதல்ல வருமானம் இல்லாத வருஷங்கள்ல யார் சோறு போட்டாங்க, கஸ்டமர் திட்டினா இன்னா பண்ணுவீங்க, இந்த மூணயும் கேட்டுட்டு வரட்டும். ஒரே ஆள்கிட்ட எல்லாம் கெடைக்காது, ஒருத்தர்கிட்ட நேரத்துக்கு கடைய தொறக்கற பழக்கம், இன்னொருத்தர்கிட்ட கணக்குல நாணயம், அப்படி பொறுக்கி எடுத்துக்கலாம்.

பெரியப்பா பையன் லீவுக்கு வந்தான்னா ரெண்டு பேரையும் தனியா பேச விடுங்க, பெரியவங்க யாரும் நடுவுல உக்கார வேணாம். அதுவரைக்கும் அவன் பேர வீட்ல எடுக்கக் கூடாதுன்னு உங்க வீட்டுக்காரர்கிட்ட நான் சொன்னதா சொல்லுங்க. அடுத்த வாட்டி வரும்போது பையனையும் கூட்டிக்கினு வாங்க, மார்க் ஷீட் வேணாம், அவனுக்கு புடிச்ச மூணு பேர், ஒவ்வொருத்தர்கிட்டயும் அவன் எடுத்துக்க நெனைக்கற ஒரு பழக்கம், அத அவன் கையால எழுதி எடுத்துக்கினு வரட்டும். அந்த பைக் வீடியோக்காரர் பேர் அதுல இருந்தாலும் பரவால்ல.